குற்றாலத்துக்குக் குளிக்கப் போங்கள்

ஆனி பிறந்துவிட்டால் தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் ஒரு விசாரிப்பு தொடங்கிவிடும். "தண்ணி விழுதாமா?" எந்த ஊரில், எந்தத் தண்ணீர் என்று கேட்பவரும் சொல்ல மாட்டார், பதில் சொல்பவரும் கேட்க மாட்டார். சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற பிள்ளைகள் தென்காசியில் இருக்கும் சித்தப்பாவுக்கோ அத்தைக்கோ போன் போடுவார்கள். "மெயின்ல நல்லா விழுது. அஞ்சருவில மூணு கிளைதான். பழைய குத்தாலத்துல கூட்டம் இல்ல. வாறதா இருந்தா இந்த வாரமே வந்துருங்க" என்று அங்கிருந்து பதில் வரும். அதற்கப்புறம்தான் டிக்கெட், லீவு, துணிமணி எல்லாம்.

இப்படிக் கேட்டுவிட்டுக் கிளம்புவதுதான் முறை என்று நான் உறுதியாக நம்புகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்பே அறை பதிவு செய்துவிட்டு, வந்து பார்த்தால் பாறையில் நூல் மாதிரித் தண்ணீர் வழிகிறது என்று மனம் நொந்து திரும்புகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு. இந்த அருவி தேதிக்குக் கட்டுப்பட்டதல்ல, காற்றுக்குக் கட்டுப்பட்டது. அந்தக் காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் குற்றாலம் ஏன் இப்படி இருக்கிறது என்பது விளங்கிவிடும்.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை கேரளத்தை அடிக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை மேகத்தைத் தடுத்து நிறுத்திவிடுவதால் மழையெல்லாம் அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிடும். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு அந்த மாதங்களில் கிடைப்பது வறண்ட காற்றுதான். ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுப் பக்கம் மலை சட்டென்று தாழ்ந்து ஒரு கணவாயாக வழிவிடுகிறது. மேகமும் ஈரக்காற்றும் அந்த இடைவெளி வழியாக இந்தப் பக்கம் பாய்கின்றன. கனமழை மலைமேல் நின்றுவிட, அடிவாரத்தில் செங்கோட்டை, இலஞ்சி, மேலகரம், தென்காசி என்று சிறு வட்டாரத்துக்கு மட்டும் பொடிப்பொடியாக ஒரு தூறல் வந்து சேரும். அதுதான் சாரல். குடை பிடித்தால் பிடிக்காதது போலவே இருக்கும். நனைந்தாலும் நனைந்த மாதிரித் தெரியாது. பத்து நிமிஷம் தூறும், பளிச்சென்று வெயில் அடிக்கும், அந்த வெயிலிலேயே மறுபடி தூறும். கிழக்கே பாவூர்சத்திரம், சுரண்டை தாண்டினால் ஈரம் போய்க் காற்று மட்டும் மிஞ்சும். அந்தக் காற்றை நம்பித்தான் அங்கே காற்றாலைகளை வரிசையாக நட்டிருக்கிறார்கள்.

குற்றாலத்தைப் பலர் மலைவாசஸ்தலம் என்று நினைத்துக்கொண்டு ஸ்வெட்டரோடு வருகிறார்கள். ஊர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 170 மீட்டர்தான். ஊட்டியின் குளிர் உயரத்தால் வருவது. இங்கே இருக்கிற குளிர்ச்சி முழுக்க அந்தக் கணவாய்க் காற்று கொண்டுவருவது. காற்று நின்றுவிட்டால் ஆடி மாசத்திலும் புழுங்கும்.

சரி, அருவிக்கு வருவோம். கர்நாடகத்தின் ஜோக் அருவி 253 மீட்டர். எதிர்ப்பக்கம் நின்று வாய் பிளந்து பார்க்கலாம், பார்த்துவிட்டுத் திரும்பலாம். குற்றாலத்துப் பேரருவி சுமார் 60 மீட்டர். உயரத்தில் இந்தியாவின் பெரிய அருவிகளோடு இதைச் சேர்த்துப் பேச முடியாது. ஆனால் அவற்றுக்கு இல்லாத ஒன்று இதற்கு உண்டு: இதன் அடியில் நேராகப் போய் நிற்கலாம். கைக்குழந்தையை இடுப்பில் வைத்த தாயும், எழுபது வயது ஆச்சியும் நிற்கலாம்.

எப்படி? 60 மீட்டரிலிருந்து விழுகிற ஆற்றுத் தண்ணீர் மனிதத் தலையில் நேரே விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பேரருவியில் தண்ணீர் நேரே கீழே வருவதில்லை. மலையின் பாதியில் பாறைக்குள் ஆழமான ஒரு குடைவு இருக்கிறது. மேலிருந்து வரும் வெள்ளம் முழுவதும் முதலில் அதற்குள் விழுந்து, அங்கே சுழன்று, கொந்தளித்து, தன் வேகத்தைத் தொலைத்துவிட்டு, பிறகு விளிம்பில் பொங்கி அகலமாகக் கீழே சரிகிறது. அந்தக் குடைவுக்குப் பொங்குமாகடல் என்று பெயர். நாம் குளிப்பது பொங்குமாகடல் அடக்கி அனுப்பிய தண்ணீரில். அடுத்த முறை போகும்போது குளிப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் தள்ளி நின்று, பாதி உயரத்தில் வெள்ளம் எழும்பித் தாவும் அந்த இடத்தைப் பாருங்கள். தண்ணீர் குறைந்த மாதங்களில் போனால் அருவிப் பாறையில் செதுக்கிய சிவலிங்கங்களும் தெரியும். சீசனில் அவற்றுக்கு ஓயாத அபிஷேகம்.

அடியில் பாதுகாப்புக்காக வளைவு ஒன்று கட்டியிருக்கிறார்கள். ஊரில் எல்லோருக்கும் அது "ஆர்ச்"தான். தண்ணீர் ஆர்ச்சுக்குள் விழுந்தால் குளிக்கலாம். ஆர்ச்சைத் தாண்டி வெளியே விழ ஆரம்பித்தால் போலீஸ் விசில் அடித்து எல்லோரையும் வெளியேற்றிவிடும். மறுநாள் செய்தித்தாளில் "பேரருவியில் குளிக்கத் தடை" என்று வருகிறதே, அதன் பொருள் இதுதான். தடை போட்ட போலீஸோடு வாக்குவாதம் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். அவர்களுக்குத் தெரியாத ஒன்று ஆர்ச்சுக்குத் தெரியும்.

குளிப்பதற்கு ஒரு பக்குவம் உண்டு. நேராகப் போய் உச்சந்தலையைக் கொடுக்கக் கூடாது. முதலில் ஓரத்தில் நின்று கை கால் நனைய வேண்டும். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு முதுகைக் கொடுக்க வேண்டும். முதல் அடியில் மூச்சு நின்றுவிட்டாற்போல இருக்கும். சத்தம் காதை நிறைத்து வேறெதையும் கேட்கவிடாது. தோள், பிடரி, முதுகு என்று தண்ணீர் தானே இடம் தேடிப் பிடித்து இறங்கும். கொஞ்ச நேரத்தில் உடம்பு பழகிவிடும். அப்புறம் தலையைக் கொடுக்கலாம். சாய்ந்து, குனிந்து, திரும்பி, விலகி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி உள்ளே போகலாம். வெளியே வரும்போது உடம்பில் ஆவி பறக்கும். பசி வயிற்றைப் பிடித்துக் கிள்ளும். அந்தப் பசிக்காகவே குளிக்கலாம்.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். சீசன் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பக்கமும் தோளோடு தோள் உரசும் கூட்டம். இந்தக் கூட்டத்தைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். பீடி சுற்றும் தொழிலாளியும், வங்கி மேலாளரும், வேன் பிடித்து வந்த கல்யாண வீட்டுக்காரர்களும் ஒரே தண்ணீரின் கீழ் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நிற்கிற இடம் நம் ஊரில் வேறு எங்கே இருக்கிறது? முன்பின் தெரியாத ஒரு அக்கா என் கையைப் பிடித்து, "பயப்படாம உள்ள வா பிள்ள, முதுகக் காட்டு" என்று இழுத்துவிட்டிருக்கிறார். அவர் முகம் எனக்கு நினைவில்லை. அந்தப் பிடி நினைவிருக்கிறது. கூட்டமே வேண்டாம் என்றால் வேலை நாட்களில், விடியும் முன் போங்கள். பேரருவியின் மேல் விளக்கு வெளிச்சம் விழும். அந்த நேரத்துத் தண்ணீர், வெளியே இருக்கும் குளிர்க் காற்றைவிட இதமாக இருக்கும்.

மற்ற அருவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்தருவி ஐந்து கிளையாகப் பிரிந்து விழுவது. ஐந்தும் ஒன்றாக விழும் நாளில் போனால் கண்ணுக்கே விருந்து. பழைய குற்றாலம் கொஞ்சம் தள்ளி, அழுதகன்னி ஆற்றுப் பக்கம் இருக்கிறது. புலியருவி சின்னது, குழந்தைகளுக்கு ஏற்றது. சிற்றருவி பேரருவிக்குப் பக்கத்திலேயே. பேரருவிக்கு மேலே காட்டுக்குள் செண்பகாதேவி அருவியும், இன்னும் மேலே தேனருவியும் இருக்கின்றன. அங்கே வனத்துறை பொதுவாக யாரையும் விடுவதில்லை. செண்பகாதேவி அம்மன் கோயிலுக்குச் சித்ரா பௌர்ணமிக்குப் போய்வந்த கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இப்போது "ஒரு வழி இருக்கு சார், நான் கூட்டிட்டுப் போறேன்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து போகாதீர்கள்.

இதை வெறும் சட்டத்துக்காகச் சொல்லவில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் ஒருவன் உயிரிழந்தான். மக்கள் சிதறி ஓடிய அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அருவிக்கரையில் நிற்பவருக்கு மேலே காட்டில் பெய்யும் மழை தெரியாது. தலைக்கு மேலே வானம் வெளுத்திருக்கும், மலைக்குப் பின்னால் கொட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் கலங்கி வந்தால், இலையும் சுள்ளியும் அடித்துக்கொண்டு வந்தால், சத்தம் மாறினால், யாருடைய விசிலுக்கும் காத்திருக்காமல் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிடுங்கள். செல்போனை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். சாரல் காலத்தைவிட ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையின்போது இந்த ஆபத்து அதிகம். சபரிமலைக்குப் போகிற ஐயப்ப பக்தர்கள் கூட்டம் கூட்டமாக வந்து குளிக்கிற காலமும் அதுதான்.

மேலே இருக்கும் காட்டைப் பற்றிப் பேசாமல் அருவியைப் பற்றிப் பேச முடியாது. திரிகூடமலையின் சோலைகள் மழையை வாங்கி, வைத்திருந்து, மெல்ல மெல்ல விடுவதால்தான் மழை நின்று சில நாள் ஆன பிறகும் அருவி விழுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இந்த ஈரத்தைப் பார்த்துவிட்டு ஜாதிக்காய், கிராம்பு, பட்டை எல்லாம் நட்டு வளர்த்தார்கள். 1830களில் பாளையங்கோட்டையில் ராணுவ மருத்துவராக இருந்த ராபர்ட் வைட் இந்த மலைகளில் செடிகளைத் தேடித் தேடிச் சேகரித்தார். தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய அவருடைய பெரிய நூல்களுக்குப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள். அந்தப் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. பாருங்கள், இலையின் நரம்பு ஒவ்வொன்றும் உயிரோடு இருக்கும்.

அதேபோல, அருவியில் விழுந்த தண்ணீர் எங்கே போகிறது என்று நாம் கேட்பதே இல்லை. நம் முதுகில் விழுந்த தண்ணீர்தான் சிற்றாறு. அது தென்காசியைத் தாண்டி, ஐந்தருவியாறு, அரிகர நதி, அழுதகன்னி, அனுமன் நதி என்று துணையாறுகளைச் சேர்த்துக்கொண்டு, கங்கைகொண்டான் வழியாகப் போய்ச் சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலக்கிறது. வழி நெடுக அணைக்கட்டுகள். ஒவ்வொரு அணைக்கட்டிலிருந்தும் ஒரு கால்வாய், கால்வாயிலிருந்து குளங்கள், குளங்களிலிருந்து வயல்கள். அருவியில் நன்றாகத் தண்ணீர் விழும் வருஷம் கார் சாகுபடி பிழைக்கும். "தண்ணி விழுதா" என்று குளிக்கப் போகிறவர் கேட்கும் அதே கேள்வியை, நாற்றங்காலுக்கு விதை வாங்கி வைத்திருக்கும் சம்சாரியும் கேட்டுக்கொண்டிருப்பார்.

அதனால்தான் அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டபோது நான் அதை மனதார வரவேற்றேன். நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு, சீயக்காய் அரப்போடு அருவிக்குப் போவது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். அது போனதில் வருத்தப்படுகிறவர்களின் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கானோர் குளிக்கிற இடத்தில், பாறையெல்லாம் வழுக்கி, ஷாம்பு பாக்கெட்டுகள் கால்வாய் மடையை அடைத்துக்கொண்டிருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். எண்ணெய்க் குளியல் வேண்டுமென்றால் அறையிலேயே தேய்த்து முழுகிவிட்டு வாருங்கள். அருவி வெறும் உடம்புக்கே போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலையடிவாரத்தில் சில விடுதிகள் இயற்கையாக ஓடிவரும் ஓடையை மறித்து, குழாய் போட்டு, தங்கள் வளாகத்துக்குள்ளேயே 'தனி அருவி' காட்டத் தொடங்கின. வழக்கு மதுரைக் கிளைக்குப் போய், நீதிமன்றம் கடுமையாகப் பேசி, நடவடிக்கைக்கு உத்தரவிட்டது. அப்படிப்பட்ட அருவி எங்கேயாவது இன்னும் இருந்தால் அங்கே தங்காதீர்கள். அது கீழே ஏதோ ஒரு குளத்துக்குப் போக வேண்டிய தண்ணீர். அறை கேட்கும்போதே "உங்க அருவிக்குத் தண்ணி எங்கிருந்து வருது?" என்று கேட்டுவிடுங்கள்.

குளித்து முடித்து ஈரத்தலையோடு நேரே நடந்தால் குற்றாலநாதர் கோயில். சங்கு வடிவத்தில் கட்டிய கோயில். தலமரம் குறும்பலா. திருஞானசம்பந்தர் குற்றாலத்துக்கு ஒன்று, குறும்பலாவுக்கு ஒன்று என்று தனித்தனிப் பதிகம் பாடியிருக்கிறார். அவசரமாகச் சாமி கும்பிட்டுவிட்டு வடை தின்னப் போய்விடாமல், சற்றுத் தள்ளியிருக்கும் சித்திர சபைக்கும் போங்கள். நடராசரின் ஐந்து சபைகளில் சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, நெல்லை தாமிரம், திருவாலங்காடு ரத்தினம். இங்கே மட்டும் சித்திரம். ஆடுகிற சிவன் இங்கே சிலையாக இல்லை, சுவரில் ஓவியமாக இருக்கிறார். அவரைச் சுற்றிச் சுவர் முழுக்கப் புராணக் காட்சிகள். வெளியே குளம், மரங்கள், காற்று. அருவிக்கரை இரைச்சல் காதை விட்டுப் போக அங்கே அரைமணி நேரம் உட்கார வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் நாம் படித்த திரிகூட ராசப்பக் கவிராயர் பக்கத்து மேலகரத்துக்காரர். அவர் பாடிய குற்றாலக் குறவஞ்சிக்காக மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் கொடுத்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பேர். பாட்டுக்கு நிலம் கிடைத்தது பெரிதில்லை; அந்த நிலத்துக்குப் பாட்டின் பேரே நின்றுவிட்டது பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்த விஷயம். இருநூறு வருஷம் கழித்து இதே சாரலுக்கு மயங்கி வந்து தங்கிவிட்டவர் ரசிகமணி டி.கே.சி. வக்கீலுக்குப் படித்தவர், கம்பனைப் பேசிப் பேசியே வாழ்ந்தவர். கடைசிக் காலத்தில் குற்றாலத்து வீட்டில் இருந்தார், 1954-இல் காலமானார். ராஜாஜியும் கல்கியும் அந்த வீட்டு விருந்தாளிகள். காலையில் அருவிக் குளியல், பிறகு இட்லி, பிறகு கம்பன் என்று அந்த வீட்டு நாட்கள் கழிந்ததாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்கும்போதெல்லாம், வந்து குளித்து அன்றைக்கே திரும்புகிற நம் அவசரம் எனக்குப் பாவமாகத் தோன்றும். முடிந்தால் இரண்டு ராத்திரியாவது தங்குங்கள். குளித்து, தின்று, தூங்கி எழுந்து மறுபடி குளித்தால்தான் குற்றாலம்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் வசதி. ராத்திரி எழும்பூரில் ஏறினால் காலையில் தென்காசி. அங்கிருந்து அருவி ஐந்து கிலோமீட்டர்தான், பஸ் வந்துகொண்டே இருக்கும்.

சாப்பாட்டுக்குப் பிரானூர் பார்டர். செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. எல்லைக்கோடு பிரானூரில் ஓடியது. எல்லை போய்விட்டது, 'பார்டர்' பேரும் பரோட்டாவும் நின்றுவிட்டன. சின்னச் சின்னதாக, அடுக்கடுக்காகப் பிரியும் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றி, பிச்சுப் போட்ட கோழியோடு இலையில் வைப்பார்கள். அருவியில் அடி வாங்கிய உடம்புக்கு அது மருந்து. சைவக்காரர்களுக்கு அருவிக்கரையிலேயே சுடச்சுட மிளகாய் பஜ்ஜி, நேந்திரங்காய் சிப்ஸ்.

திரும்பும்போது பழக்கடைகளை விட்டுவிடாதீர்கள். ரம்புட்டானும் மங்குஸ்தானும் சீசனில் குவிந்து கிடக்கும். மங்குஸ்தான் வாங்கும்போது விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் அமுங்கினால் நல்ல பழம், கல் மாதிரி இருந்தால் நாளாகிவிட்டது. பழத்தின் அடியில் பூ மாதிரி ஒரு அடையாளம் இருக்கும். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. இதழ் கூடுதலாக இருக்கும் பழமாகப் பொறுக்குங்கள்; சுளை சின்னதாக இருக்கும், கொட்டையில்லாத சுளை நிறையக் கிடைக்கும். கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார்.